விடிய விடிய ஆடுற கூத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஏரியூர்ல இருந்து பேசறேன். நடுவுல டிராக்டர் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க, ரோட்டோர வீடு.

இந்த வாரம் புதுப் பாட்டு எதையும் எடுத்துக்கலை. எந்த ஊர்க் கூத்தையும் எடுத்துக்கலை. வாராவாரம் நாம இங்க பண்றோமே, விமர்சனம்னு ஒரு வேலை, அதையே கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன். காரணம் எனக்கு வந்த ஒரு போன்.

பங்குனியில ஒரு ஊர்ல கர்ண மோட்சம் பார்த்துட்டு வந்து இங்க பேசியிருந்தேன், ஞாபகம் இருக்கும். ஊர் பேரையும் ஜமா பேரையும் இப்பத் திரும்பச் சொல்லப் போறதில்ல. அன்னிக்கு நான் சொன்னது இதுதான்: பொன்னுருவி தர்க்கம் வரைக்கும் கூத்து நல்லா நின்னுச்சு, மூணு மணிக்கு மேல கர்ணனுக்குக் குரல் எழும்பலை, போர்க்களக் கட்டத்தைப் பின்பாட்டுக்காரங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. சொன்னதுல பொய் இல்லை. ஒரு பதினஞ்சு நாள் கழிச்சு அந்த ஜமா வாத்தியார் கூப்பிட்டார். திட்டலை. "தம்பி, நீ பேசுனதை ஒரு ஊர்ப் பசங்க வாட்ஸ்அப்ல போட்டுக் கேட்டிருக்காங்க. அவங்க எங்களுக்குப் பாக்கு வெத்தலை மாத்தி அச்சாரம் குடுத்த ஊரு. இப்ப வேற செட்டுக் கூப்பிட்டுட்டாங்க" அப்படின்னார். கொஞ்ச நேரம் நான் பேசலை. அப்புறம் அவரே கேட்டார்: "அன்னிக்கு அவரு தொடர்ந்து மூணாவது ராத்திரி வேஷம் கட்டினாரு, தெரியுமா உனக்கு?"

தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்னியில இருந்து மனசுல ஓடிட்டிருக்கிற கேள்விதான் இன்னிக்குப் பேச்சு. ஊர்க் கூத்துக்கு விமர்சனம்னா என்ன, அது யாருக்குப் போய்ச் சேருது, எதைப் பார்த்துச் சொல்லணும். புதுசா வர்ற நாட்டுப்புறப் பாட்டுக்கும் இதே கேள்வி உண்டு, பதில்தான் வேற. அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல, நமக்குப் பழக்கமான விமர்சனம் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும். ஆனந்த விகடன் சினிமாவுக்கு மார்க் போட்ட காலம் பெரியவங்களுக்குத் தெரியும். இப்ப ஸ்டார். அது எதுக்குன்னா, வெள்ளிக்கிழமை படம் வருது, டிக்கெட் காசு நம்ம காசு, போகலாமா வேணாமான்னு ஒருத்தர் முன்னாடி பார்த்துச் சொல்றார். சென்னை சபா நாடகத்துக்கும் இது பொருந்தும், அதே நாடகம் அடுத்த வாரம் இன்னொரு சபாவுல நடக்கும். படமோ நாடகமோ, பொருள் மாறாம அப்படியே இருக்கும், வாங்கறவன் புதுசா வருவான்.

கூத்துல இது எதுவும் இல்லை. டிக்கெட் கிடையாது. ஊர்ல தலைக்கட்டு வரி போட்டு வசூல் பண்ணி, கோயில் திருவிழாவுக்குக் கூத்து விடறாங்க. ஒரே ராத்திரி. நான் ஞாயித்துக்கிழமை பேசும்போது அந்தக் கூத்து முடிஞ்சு போச்சு, இனிமே யாரும் போய்ப் பார்க்க முடியாது. அடுத்த ஊர்ல அதே கர்ண மோட்சம் போட்டாலும் வேஷக்காரர் மாறியிருக்கலாம், மழை தூறலாம், கட்டியக்காரன் அந்த ஊர் பஞ்சாயத்துப் பிரச்சினையை உள்ள இழுத்துட்டு ஒரு மணி நேரம் கூட்டியிருக்கலாம். கதை எல்லாருக்கும் தெரியும், அதனால முடிவைச் சொல்லிட்டேன்னு யாரும் கோவிச்சுக்கவும் மாட்டாங்க.

அப்ப நான் பேசறதை யார் கேட்கறாங்க? யோசிச்சுப் பார்த்தா, வெளியூர்ல வேலைக்குப் போனவங்க ஒரு பக்கம். திருப்பூர், பெங்களூர்ல இருந்துகிட்டு, நம்ம பக்கம் இந்த வருஷம் என்ன கூத்து நடந்துச்சுன்னு கேட்கறவங்க. அடுத்து கூத்துக்காரங்களே. அவங்க கேட்பாங்கன்னு ஆரம்பத்துல நான் நினைக்கவே இல்லை. கடைசியா, அடுத்த வருஷம் யாருக்கு அச்சாரம் குடுக்கலாம்னு யோசிக்கிற ஊர் கமிட்டி. இவங்களுக்கு என் பேச்சு விமர்சனம் கிடையாது, கொட்டேஷன் பார்க்கற மாதிரி. எங்க தவறு நடந்துச்சுன்னு இப்ப எனக்குப் புரியுது. முதல் ஆளுக்குப் பேசற மாதிரி பேசினேன், மூணாவது ஆள் காதுல விழுந்துச்சு.

சரி, கூத்தை எப்படிப் பார்க்கறது? கர்ண மோட்சத்தையே எடுத்துக்கறேன்.

பதினேழாம் நாள் போர். கர்ணன் களத்துக்குக் கிளம்பணும். கிளம்பறதுக்கு முன்னாடி மனைவி பொன்னுருவிகிட்ட விடை கேட்கறான். அவ ராஜா மக. இவன் தேரோட்டி வளர்த்த பிள்ளை. குலம் தெரியாதவனுக்கு வாக்கப்பட்டோம்னு அவ மனசுல இத்தனை காலமா இருக்கு. அந்த ராத்திரி அது வெளியே வருது. வியாச பாரதத்துல இப்படி ஒரு கட்டம் கிடையாது. நம்ம ஊர்க் கூத்து இதைத்தான் நடுக்கம்பமா நட்டு வச்சிருக்கு. பல ஊர்ல இந்தத் தர்க்கம் மட்டுமே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போகும். தரு, விருத்தம், நடுவுல வசனம், மறுபடி தரு. நாளைக்குச் சாகப்போறவன்கிட்ட நீ என்ன சாதின்னு பொண்டாட்டி கேட்கறா. அவன் என்ன சொல்லுவான்? அதைக் களரியைச் சுத்தி உட்கார்ந்திருக்கறவங்க எப்படிக் கேட்பாங்க, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பாங்க? இதைப் பார்க்காம கூத்து பார்த்தேன்னு சொல்ல முடியாது. நான் கண்ட ஊர்கள்ல இந்தக் கட்டத்துல சிரிப்பு வர்ற இடமும் அமைதியாகற இடமும் ஊருக்கு ஊர் வேற.

அதனால நடிப்பைச் சொல்லும்போது பொன்னுருவி வேஷக்காரர் குரல் இனிமையா இருந்துச்சுன்னு நிறுத்தறது பாதி வேலை. கோபத்துல இருந்து பயத்துக்கு அவர் எந்த இடத்துல மாறினார்? கர்ணன் பிறப்பு ரகசியம் சொல்லும்போது அவர் முகத்தை எங்க திருப்பி வச்சிருந்தார்? பெண்வேஷம் கட்டறவர் கிறுகிறுன்னு கிறிக்கி அடிச்சுக் காட்ட முடியாது, கட்டை வேஷக்காரருக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம்னு உடம்பே ரெண்டு மடங்காத் தெரியும். இவருக்குக் குரலும் கையும்தான். அதை வச்சு எதிர்ல நிக்கறவரோட சரிக்குச் சரி நின்னாரான்னு பார்க்கணும்.

அடுத்து மைக். இதைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆத்தாது. களரி நடுவுல மேல இருந்து மைக் தொங்கும். முன்னெல்லாம் மைக் இல்லாம நாலு திசைக்கும் திரும்பிப் பாடி, சுத்தி வந்து ஆடினவங்க, இப்ப அந்த மைக்குக்குக் கீழ வந்து நிக்கறாங்க. நகர்ந்தா சத்தம் போகும். நிக்கறதால ஆட்டம் போச்சு. இதுல வேஷக்காரரைக் குறை சொன்னா அது அநியாயம். மைக் செட்டுக்காரரையும் சொல்ல முடியாது, ரெண்டாயிரம் பேர் கூட்டத்துல கேட்கணுமே. ஆனா விமர்சனத்துல ஆட்டம் குறைவுன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போனா, கேட்கறவர் என்ன நினைப்பார்? இவருக்கு ஆடத் தெரியலைன்னு.

குரலும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்குத் திரை பிடிச்சு, காலையில சூரியன் வர்ற வரைக்கும் ஒரு ஆள் உச்சத்துல பாடணும். தை அறுவடை முடிஞ்சு சித்திரை, வைகாசி வரைக்கும்தான் சீசன். அந்த நாலு மாசத்துலதான் வருஷத்துக்கான வருமானம், அதனால வர்ற தேதியை யாரும் விடமாட்டாங்க. மூணு ராத்திரி தொடர்ந்தா மூணாவது ராத்திரி தொண்டை கட்டும். அது கலைக்குறையா உடம்புக்குறையான்னு பார்க்கறவன் விசாரிக்கணும். முதல் நாள் எங்க ஆடினீங்கன்னு முகவீணைக்காரர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னொன்னு, கூத்துல சில இடம் நாடகமாவும் இருக்கும், வழிபாடாவும் இருக்கும். துகிலுரிதல் கட்டம். துச்சாதனன் வேஷம் கட்டினவர் சேலையில கை வைக்கறதுக்கு முன்னாடி வேஷத்தை விட்டு வெளியே வந்து, தாயே என் மேல குத்தம் வைக்காதேன்னு கும்பிட்டு, சூடம் காட்டிட்டு அப்புறம் மறுபடி துச்சாதனன் ஆவார். நகரத்துல இருந்து வர்ற ஒருத்தர் இதைப் பார்த்து நாடகத்தோட வேகம் அறுந்துபோச்சுன்னு எழுதலாம். எனக்கு அதுல பாதி சம்மதம், பாதி இல்லை. வேகம் அறுபடறது உண்மை. ஆனா அறுபடறதுக்காகத்தானே அங்க நிறுத்தறாங்க. கூட்டத்துல தூங்கிட்டிருந்த பாட்டிங்க எல்லாம் அந்த நேரத்துக்குச் சரியா எழுந்து உட்கார்றதை நான் பார்த்திருக்கேன்.

கூத்தைப் பத்தித் தமிழ்ல எழுதினவங்க இல்லாம இல்லை. புரிசை நடேசத் தம்பிரானோட கூத்தைப் பார்த்த பாதிப்புலதான் ந. முத்துசாமி, நம்ம நாடகம் இங்க இருக்குன்னு எழுத ஆரம்பிச்சார். 1977ல கூத்துப்பட்டறை தொடங்கினார். 'அன்று பூட்டிய வண்டி'ன்னு அவர் கட்டுரைத் தொகுப்பு இருக்கு, கிடைச்சா படிங்க. பெருங்கட்டூர் பி. ராஜகோபால் இன்னொரு பாதை. தெருக்கூத்துங்கற பேரே வேணாம், அதுல 'தெரு'ன்னு ஒரு இளக்காரம் ஒட்டியிருக்கு, கட்டைக்கூத்துன்னு சொல்லுங்கன்னார். கட்டைன்னா அந்த மர அணிகலன். 1990ல நடிகர்களைச் சேர்த்து சங்கம் ஆரம்பிச்சாங்க. அவரோட இணைஞ்சு வேலை செஞ்ச ஹன்னே டி புருயின் 1999ல ஆங்கிலத்துல பெரிய புத்தகமே போட்டாங்க. பேரைப் பத்தின சண்டை இன்னும் ஓயலை. நம்ம பக்கம் யாரும் தெரு, கட்டை எதையும் சேர்க்கறதில்ல, வெறும் கூத்துதான். அதையே வச்சுக்கறேன்.

ஆனா இவங்க எழுத்தெல்லாம் பெரும்பாலும் வடக்குப் பக்கம், காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரம். சேலம், தர்மபுரி பக்கத்துக்கு எழுதினவங்க கம்மி. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கார். இங்க ஏரியூர்ல இருந்து நாகமரை போய், பரிசல் ஏறிப் பண்ணவாடியில இறங்கினா மேட்டூர் வட்டாரம். அங்க ஏர்வாடியில இருந்து 'மணல்வீடு' இதழ் நடத்தற மு. ஹரிகிருஷ்ணன். கூத்துக்காரங்க, பாவைக்கூத்துக்காரங்க இவங்களோட பிழைப்பை, பேச்சை, குடியை, கடனை உள்ளிருந்து எழுதற ஆள். களரின்னு ஒரு அமைப்பு வச்சு அவங்களுக்கு மேடையும் மரியாதையும் பண்றார். விமர்சகன் எங்க உட்காரணும்னு எனக்குக் கத்துக்குடுத்தது அவர் எழுத்துன்னு சொல்லலாம். கத்துக்கிட்டேனாங்கறது இந்தப் பங்குனியில தெரிஞ்சுபோச்சு.

சரி, பாட்டுக்கு வர்றேன்.

புதுசா வர்ற நாட்டுப்புறப் பாட்டுல சிக்கல் தலைகீழா இருக்கு. கூத்துல ஆள் கண்ணு முன்னாடி நிக்கறார், பொருள் கரைஞ்சு போகுது. பாட்டுல பொருள் யூடியூப்ல நிரந்தரமா இருக்கு, ஆள் யாருன்னு தேடணும். வீடியோவுக்குக் கீழ விவரத்துல பார்த்தா இசை, ஒலிக்கலவை, கேமரா, டிரோன் ஓட்டினவர் வரைக்கும் பேர் இருக்கும். பாடல்னு போட்டு எதிர்ல 'பாரம்பரியம்'னு இருக்கும். பல சமயம் உண்மையாவே எழுதினவர் பேர் தெரியாது. ஆனா யார் வாயில இருந்து கேட்டு எழுதினாங்களோ அந்த அம்மா பேர் தெரியும்தானே? நாத்து நடவுல, ஒப்பாரியில, அடி அடியா சேர்த்து அவங்க கட்டினது அதுல எவ்வளவு?

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்காவுல கன்ட்ரி மியூசிக்னு சொல்றாங்களே, அதோட தொடக்கமே இதுதான். 1927ல ரால்ப் பீர்ங்கற ஆள் ரெக்கார்டிங் மிஷினோட டென்னசி மாநிலம் பிரிஸ்டல் ஊருக்கு வந்து மலைக்காரங்க பாட்டைப் பதிவு பண்ணினார். அதுல கார்ட்டர் குடும்பம் பேர் வாங்கிச்சு. அப்புறம் ஏ. பி. கார்ட்டர் புதுப் பாட்டு தேடி ஊர் ஊராப் போனார். கூட லெஸ்லி ரிடில்னு ஒரு கறுப்பின கிட்டார்க்காரர். கார்ட்டர் வரியை எழுதிக்குவார், ரிடில் மெட்டை மனசுல பிடிச்சுக்குவார். பாட்டுகள் பதிவானது கார்ட்டர் பேர்ல. ரிடில் பேரை உலகம் கேள்விப்பட ரொம்ப வருஷம் ஆச்சு. பாடிக் குடுத்த மலைவாசிங்க பேரெல்லாம் போயே போச்சு.

நம்ம காலத்துல இதே கேள்வி பெருசா வெடிச்சது 'எஞ்சாயி எஞ்சாமி'யில. 2021 மார்ச்சுல வந்துச்சு. தீ, அறிவு பாடினது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, மாஜா வெளியீடு. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதையில இருந்து அந்த வரிகளை எடுத்தேன்னு சொன்னார். அந்த ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீ இருந்தாங்க, அறிவு இல்லை. பெரிய கண்டனம் வந்த பிறகு அறிவை வச்சு இன்னொரு டிஜிட்டல் அட்டை போட்டாங்க. 2022 ஜூலையில சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அந்தப் பாட்டு அவர் இல்லாம நடந்துச்சு, தீயோட கிடாக்குழி மாரியம்மாள் பாடினாங்க. அதுக்கப்புறம் அறிவு எழுதினதும், தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். 2024ல சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால எங்களுக்கு வருமானமே வரலைன்னு வீடியோ போட்டார். யார் பக்கம் நியாயம்னு நான் இங்க தீர்ப்பு எழுதலை. ஒரு விஷயம் மட்டும். பாட்டு வந்த வாரம் வந்த விமர்சனங்கள்ல பெரும்பாலானது குரல், தாளம், வீடியோ கலர் இதையே பேசிச்சு. வரிகள் யார் வீட்டுல இருந்து வந்துச்சு, அதுக்கு யார் பேர் எங்க போட்டிருக்குன்னு அந்த வாரமே கேட்டிருக்கலாம். என்னோட பேச்சையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சட்டம் என்ன சொல்லுது? 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம் வரைக்கும் பாட்டுக்கு உரிமை. எழுதினவர் யார்னே தெரியாத பழைய பாட்டு பொதுச்சொத்து, யாரும் பாடலாம். ஆனா பாடினவங்களுக்குன்னு தனி உரிமை ஒண்ணு இருக்கு, 1994 திருத்தத்துல வந்தது, 50 வருஷம். 2012 திருத்தம், அந்தப் பதிவை வச்சுக் காசு பார்த்தா பாடினவருக்கும் பங்கு உண்டுன்னு சொல்லுது. அதாவது, நம்ம ஊர் அம்மா ஒருத்தர் நடவுப் பாட்டு பாடறதை போன்ல பதிவு பண்ணி யாரோ ஒரு ஆல்பத்துல சேர்த்தா, பாட்டு பொதுச்சொத்தா இருக்கலாம், அந்தப் பாடல் பதிவு பொதுச்சொத்து இல்லை. அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும். இது அவங்களுக்குத் தெரியாது, பதிவு பண்ண வர்ற பசங்களுக்கும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

நிறைய பேர் கேட்கறதால இதையும் சொல்லிடறேன். விமர்சனத்துக்காகப் பாட்டுல ஒரு துண்டு போட்டுக் காட்ட அதே சட்டத்தோட 52வது பிரிவு இடம் குடுக்குது. ஆனா யூடியூப்ல இருக்கற இயந்திரத்துக்கு 52வது பிரிவு தெரியாது, பத்து விநாடி போட்டாலும் கொடி காட்டும். அதனாலதான் நான் பல வாரம் பாட்டைப் போடாம வாயால சொல்லிட்டிருக்கேன். என் குரல்ல அந்த மெட்டைக் கேட்கறது உங்க தலையெழுத்து.

இனிமே இங்க என்ன மாறும்? பாட்டுக்கு முதல் கேள்வி, யார்கிட்ட கேட்டு எடுத்தாங்க, அவங்க பேர் இருக்கா. அது இல்லைன்னா அதைச் சொல்லிட்டுத்தான் தாளத்துக்குப் போவேன். கூத்துக்கு, பேசறதுக்கு முன்னாடி வாத்தியாருக்குப் போன் பண்ணுவேன். நல்லதாச் சொல்லுன்னு அவர் கேட்டா கேட்கமாட்டேன், அது வேற. அது எத்தனாவது ராத்திரி, யார் யாருக்குப் பதிலா வேஷம் கட்டினாங்க, மைக் யார் ஏற்பாடு, கூலி எவ்வளவு பேசி எவ்வளவு குடுத்தாங்க, இதைக் கேட்டுக்கிட்டு, நான் பார்த்த குறையைக் குறைன்னே சொல்வேன். குரல் எழும்பலைன்னா எழும்பலைதான். ஆனா மூணாவது ராத்திரிங்கறதும் அதே மூச்சுல வரணும். ஸ்டார் கேட்டு எழுதறவங்களுக்கு, கிடையாது.

அந்த ஊர் கமிட்டிக்கும் நான் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன். நல்லபடியாத்தான் கேட்டுக்கிட்டாங்க. ஆனா குடுத்த அச்சாரம் குடுத்ததுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க. ஒரு ராத்திரிக் கூலி பதினஞ்சு பேர் வீட்டுக்குப் போக வேண்டியது, என்னால போகலை.

வாத்தியார்கிட்ட இதைச் சொன்னப்ப அவர் வேற பேச்சுக்குப் போயிட்டார். வர்ற சனிக்கிழமை நாகமரைப் பக்கம் ஒரு ஊர்ல துகிலுரிதலாம், அதே வேஷக்காரர் துரியோதனன் கட்டறாராம். முந்தின நாலு நாள் ஆட்டம் இல்லை, தொண்டை தெளிவா இருக்குன்னார். "வா தம்பி, வந்து முன்னாடி உட்காரு. நடுவுல டீ குடிக்க எழுந்து போயிடாத" அப்படின்னார்.

போறேன். அடுத்த வாரம் அதைத்தான் பேசப் போறோம்.